பழக்கம் எப்படி ஒட்டுகிறது, மகிழ்ச்சி ஏன் பழகிப்போகிறது

ஒரு வாரப் பழைய பாப்கார்னை யாராவது தின்று தீர்ப்பார்களா? டேவிட் நீல், வெண்டி வுட் ஆகிய உளவியலாளர்களும் அவர்கள் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். திரையரங்குக்கு வந்தவர்களில் சிலருக்கு அப்போதுதான் பொரித்த பாப்கார்ன் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுத்தது ஏழு நாள் பழசு, நமுத்துப்போனது. படம் பார்க்கும்போது கொறிக்கும் வழக்கமில்லாதவர்கள் நமுத்ததைக் குறைவாகத்தான் தின்றார்கள். எப்போதும் கொறிப்பவர்களோ, புதியது கிடைத்தவர்கள் தின்ற அளவுக்குப் பழையதையும் தின்றார்கள். நன்றாக இருந்ததா என்று கேட்டதற்கு, இல்லை என்றுதான் சொன்னார்கள். அதே பாப்கார்னை ஒரு கூட்ட அறையில் உட்காரவைத்துக் கொடுத்தபோது இந்த வேடிக்கை நடக்கவில்லை. திரையரங்கிலேயே, வழக்கமாகச் சாப்பிடாத கையால் தின்னச் சொன்னபோதும் நடக்கவில்லை.

ஆக, பசியும் ருசியும் அங்கே பெரிதாக வேலை செய்யவில்லை. இருட்டு, இருக்கை, திரை, மடியில் ஒரு பெட்டி. அவை போதுமாக இருந்தன. உடம்புக்கும் மனசுக்கும் நல்லதாக ஏதாவது ஒன்றைத் தினமும் செய்ய நினைப்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஏனென்றால், நாம் நமக்குள் சொல்லிக்கொள்ளும் கதை வேறு. அதில் மனஉறுதி உள்ளவர் ஜெயிப்பார், இல்லாதவர் மூன்றாம் நாளே விட்டுவிடுவார். விட்டவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டு அடுத்த திங்கட்கிழமைக்காகக் காத்திருப்பார்.

வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட தன் உளவியல் நூலிலேயே பழக்கத்துக்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அன்றாட வேலைகளை எவ்வளவுக்கு யோசனையில்லாமல் நடக்க விடுகிறோமோ, அவ்வளவுக்கு மனம் மற்ற வேலைகளுக்கு விடுபடும் என்பது அவர் வாதம். பின்னாளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வாளர் ஆன் கிரேபியலின் குழு, புதிர்ப்பாதையில் ஓடக் கற்கும் எலிகளின் மூளையைக் கவனித்தது. பேசல் கேங்லியா என்பது மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒரு பகுதி. தொடக்கத்தில் எலி ஓடும் நேரம் முழுக்க அங்கே நரம்பணுக்கள் சுறுசுறுப்பாக இருந்தன. பாதை பழகியபின், ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் அவை உரக்கப் பேசின, இடையில் அடங்கிவிட்டன. பல சின்னச் செயல்கள் சேர்ந்து ஒரே கட்டாகிவிட்டன. தொடக்கக் குறிப்பு கிடைத்தால் போதும், கட்டு தானாக அவிழ்ந்து ஓடும்.

மனிதர்களிடம் இது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது? வெண்டி வுட் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் அப்போதைக்கப்போது என்ன செய்கிறார்கள், என்ன நினைக்கிறார்கள் என்று குறித்துவைக்கச் சொன்னார். பதிவான செயல்களில் சுமார் 43 சதவீதம், ஏறக்குறைய தினமும், பெரும்பாலும் அதே இடத்தில், வேறெதையோ நினைத்துக்கொண்டு செய்தவை. பாதிக்குக் கொஞ்சம் குறைவான நாள் நம் கண்காணிப்பு இல்லாமலே ஓடுகிறது.

மனஉறுதிக்கு என்ன ஆயிற்று

மனஉறுதி என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் ஒரு சேமிப்பு என்ற கருத்து 1990களின் இறுதியில் பிரபலமானது. ராய் பாமைஸ்டர் குழுவின் 1998 பரிசோதனையில், சாக்லேட் பிஸ்கட்டைத் தொடாமல் முள்ளங்கி மட்டும் தின்னச் சொல்லப்பட்டவர்கள், அடுத்து வந்த விடையில்லாப் புதிரைச் சீக்கிரம் கைவிட்டார்கள். நம்பும்படியான கதைதான். ஆனால் 2016இல் 23 ஆய்வகங்கள், 2,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு, இதே கருத்தை முன்கூட்டியே அறிவித்த ஒரு முறைப்படி சோதித்தபோது விளைவு கிட்டத்தட்டப் பூஜ்யம். விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் "என் மனஉறுதி இன்றைக்குத் தீர்ந்துவிட்டது" என்று சொல்ல முன்பு இருந்த அறிவியல் துணை இப்போது அவ்வளவு திடமாக இல்லை.

இதைவிட எனக்குச் சுவாரஸ்யமாகப் படுவது வேறொரு கண்டுபிடிப்பு. வில்ஹெல்ம் ஹோஃப்மன் குழுவினர் ஜெர்மனியில் சுமார் 200 பேருக்குச் சின்னக் கருவிகளைக் கொடுத்து, நாளெல்லாம் அவ்வப்போது "இப்போது ஏதாவது ஆசையை அடக்கிக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். சுயக்கட்டுப்பாடு அதிகம் என்று மதிப்பிடப்பட்டவர்கள் ஆசையோடு அதிகம் போராடியிருக்க வேண்டும் அல்லவா? அவர்கள் குறைவாகத்தான் போராடினார்கள். சபலம் வரும் சூழலே அவர்கள் நாளில் குறைவு. பிரையன் காலாவும் ஏஞ்சலா டக்வொர்த்தும் 2015இல் வெளியிட்ட ஆறு ஆய்வுகள் இதற்கு விளக்கம் தந்தன: கட்டுப்பாடு மிக்கவர்கள் என்று நாம் வியக்கும் மனிதர்கள் நல்ல பழக்கங்கள் ஊன்றிப்போனவர்கள். படிக்க உட்காரலாமா, உடற்பயிற்சிக்குப் போகலாமா என்ற விவாதம் அவர்கள் மண்டையில் நடப்பதே குறைவு.

பக்கத்து வீட்டுக்காரர் காலையில் எழுந்து நடக்கிறார், நம்மால் முடியவில்லை என்றால், அவரிடம் ஏதோ ஒரு தனிச்சத்து இருப்பதாக நாம் நினைக்கிறோம். அவருக்கு அந்த நேரத்தில் அந்தக் கேள்வி எழுவதில்லை என்பதே பெரும்பாலும் உண்மை.

எத்தனை நாள் ஆகும்

21 நாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இது வந்த வழி வேடிக்கையானது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். அறுவை சிகிச்சைக்குப் பின் புது முகம் தன்னுடையதாகப் படுவதற்கு நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்து 1960இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். உடற்பயிற்சியைப் பற்றியோ உணவைப் பற்றியோ நடத்திய ஆய்வு அல்ல அது. வாய்வழியாகப் பரவியதில் "குறைந்தது" என்பதும் உதிர்ந்துபோனது.

உண்மையிலேயே அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் பிலிப்பா லாலி. அவர் குழுவின் ஆய்வு 2009இல் வெளியானது. 96 பேர், ஆளுக்கொரு செயல், 12 வாரங்கள். காலை உணவுக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது, இரவு உணவுக்கு முன் கொஞ்சம் ஓடுவது போன்ற செயல்கள். செய்யும்போது எவ்வளவு யோசனையில்லாமல் செய்கிறார்கள் என்பதை தினமும் ஒரு கேள்வித்தாளில் பதிந்தார்கள். யோசனையற்ற அந்த நிலை அதன் உச்சத்தை எட்ட ஆன காலத்தின் இடைநிலை மதிப்பு 66 நாள். அடுத்து வந்த கட்டுரைகள் பலவும் 21ஐ அடித்துவிட்டு 66 என்று எழுதிக்கொண்டன. ஆனால் ஆய்வில் கிடைத்த வீச்சு 18 நாளிலிருந்து 254 நாள் வரை. ஆய்வே 84 நாள்தான் நடந்தது என்பதால் அந்த 254 என்பது வரைகோட்டை முன்னோக்கி நீட்டிக் கணக்கிட்டது. இவ்வளவு விரிந்த வீச்சில் நடு எண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் பொருளில்லை. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டியது, உடற்பயிற்சி மெதுவாக ஒட்டியது. இதுவே கவனிக்க வேண்டியது.

அந்த ஆய்வில் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. வளர்ச்சி நேர்கோட்டில் போகவில்லை. முதல் சில வாரங்களின் ஒவ்வொரு முறையும் நிறையச் சேர்த்தது, பிறகு சேர்வது மெல்லக் குறைந்தது. அப்புறம், நடுவில் ஒரு நாள் தவறியது கிட்டத்தட்ட எந்தப் பாதிப்பையும் ஏற்படுத்தவில்லை. ஒரு நாள் விட்டதற்காக மொத்தத்தையும் விட்டுவிடுபவர்கள் தங்களுக்குத் தாங்களே விதிக்கும் தண்டனைக்கு ஆதாரம் எதுவுமில்லை.

2023இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, கேள்வித்தாள்களை விட்டுவிட்டு நிஜப் பதிவுகளை எடுத்துக்கொண்டது: 30,000க்கும் மேற்பட்ட ஜிம் உறுப்பினர்களின் வருகை, மருத்துவமனை ஊழியர்கள் 3,000க்கும் மேற்பட்டோரின் கைகழுவும் பதிவுகள். ஜிம் பழக்கம் ஒட்ட மாதக்கணக்கில் ஆனது. கைகழுவுவது சில வாரங்களில் ஒட்டியது. காரணம் ஊகிக்கக்கூடியதே. ஊழியர் ஒரே ஷிஃப்டில் பலமுறை, அதே வாசலில், அதே குறிப்பைக் கண்டு கைகழுவுகிறார். ஜிம்முக்கு வாரத்தில் சில தடவைதான் போகிறோம். அதனால் காலண்டரில் நாளை எண்ணுவதைவிட, ஒரே சூழலில் எத்தனை முறை செய்தோம் என்று எண்ணுவது சரியான கணக்கு.

எதன் வாலில் கட்டுவது

சரி, அந்தச் சூழலை எப்படி அமைப்பது? பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் பற்றி 2013இல் ஒரு சின்ன ஆய்வு வந்தது. கேபி ஜூடா குழுவினர் பாதிப் பேரைப் பல் துலக்குவதற்கு முன்பும் மீதிப் பேரைத் துலக்கிய பின்பும் நூலைப் பயன்படுத்தச் சொன்னார்கள். பின்பு பயன்படுத்தியவர்களிடம் பழக்கம் வலுவாக ஊன்றியது. துலக்கி முடித்தோம் என்பது தெளிவாகத் தெரியும் ஒரு கணம். "துலக்கப் போகிறேன்" என்பது தெளிவில்லாதது, அதற்குள் கை பிரஷ்ஷை எடுத்துவிடும். ஏற்கெனவே கெட்டியாக இருக்கும் ஒரு பழக்கத்தின் வாலில் புதியதைக் கட்ட வேண்டும், தலையில் அல்ல.

"தினமும் கொஞ்சம் உடற்பயிற்சி செய்யப் போகிறேன்" என்பது ஆசை. "சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குள் வந்து பையை வைத்ததும், ஷூவைக் கழற்றாமல் பத்து நிமிடம் வெளியே நடப்பேன்" என்பது ஏற்பாடு. பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து ஆராய்ந்துவரும் விஷயம் இதுதான்: எப்போது, எங்கே, எப்படி என்று முன்பே சொல்லிவைப்பது. சாரா மில்ன், ஷீனா ஆர்பெல், பாஸ்கல் ஷீரன் ஆகியோர் 2002இல் மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உற்சாகமூட்டும் தகவல்களைக் கொடுத்தார்கள். ஒரு குழுவை அதோடு நேரமும் இடமும் எழுதிக்கொள்ளச் செய்தார்கள். ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. அடுத்த வாரத்தில் ஒரு முறையாவது உடற்பயிற்சி செய்தவர்கள், எழுதிக்கொண்ட குழுவில் 91 சதவீதம். மற்ற இரண்டிலும் 35க்கும் 38க்கும் இடையில். உற்சாகம் ஊட்டப்பட்டவர்களுக்கும் ஒன்றும் சொல்லப்படாதவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. உற்சாகப் பேச்சுகளைக் கேட்டுக்கொண்டே காலம் கடத்துபவர்கள் இந்த எண்களைச் சுவரில் ஒட்டிவைக்கலாம். ஆனால் அது ஒரு வாரக் கணக்கு மட்டுமே என்பதையும் மறக்கக் கூடாது. இப்படி எழுதிவைப்பது தொடங்கி வைக்கும். ஒட்டவைப்பது திரும்பத் திரும்பச் செய்வதுதான்.

திரும்பத் திரும்பச் செய்ய வேண்டுமென்றால் செயல் சிறிதாக இருக்க வேண்டும். இதை எல்லோரும் சொல்கிறார்கள், காரணத்தைச் சொல்வதுதான் குறைவு. நல்ல நாளில் நாற்பது நிமிடம் யாராலும் முடியும். காய்ச்சல் வரப்போகும் உடம்போடு, வேலையில் திட்டு வாங்கிய மாலையில், தூக்கம் கெட்ட மறுநாளில் எவ்வளவு முடியுமோ அதுதான் ஒரு பழக்கத்தின் சரியான அளவு. மோசமான நாளில் அறுபடாமல் இருந்தால் குறிப்புக்கும் செயலுக்கும் இடையிலான கட்டு அவிழாது. அளவைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று, பலன் உடனே கிடைக்க வேண்டும். கெய்ட்லின் வூலியும் அயலெட் ஃபிஷ்பாக்கும் 2017இல் வெளியிட்ட ஆய்வுகளில், புத்தாண்டுத் தீர்மானங்களைத் தொடர்ந்தவர்கள் யார் என்பதைச் செய்யும்போதே கிடைக்கும் இன்பம்தான் காட்டிக்கொடுத்தது. வருங்கால நன்மையின் மீது வைத்த மதிப்பு காட்டிக்கொடுக்கவில்லை. இருபது வருடம் கழித்து இதயம் நன்றாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் இன்றைக்கு மாலை ஆறு மணிக்கு அது எந்த வேலையும் செய்யாது. பிடித்த ஆளோடு நடப்பது, பிடித்ததைக் கேட்டுக்கொண்டே நடப்பது வேலை செய்யும். பிடிக்காத உடற்பயிற்சியை "சிறந்தது" என்பதற்காகத் தேர்ந்தெடுப்பதைப் போன்ற வீண்வேலை வேறில்லை.

விட வேண்டிய பழக்கங்களுக்கும் இதே தர்க்கம், திசை மட்டும் எதிர். 1981இல் வெளியான ஓர் ஆய்வில் லிஃப்ட் கதவு மூடும் நேரத்தை 10 வினாடியிலிருந்து 26 வினாடிக்கு நீட்டினார்கள். லிஃப்ட்டுக்கான மின்செலவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பதினாறு வினாடி எரிச்சல் போதும், ஆட்கள் படிக்கட்டைத் தேடிப் போவார்கள். செல்ஃபோன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆவதும், நொறுக்குத்தீனி கண்ணில் படாத அலமாரியின் மேல்தட்டில் இருப்பதும் இந்த ரகம்தான். வீடு மாறுவது, வேலை மாறுவது போன்ற சமயங்களில் பழைய குறிப்புகள் மொத்தமாகக் கலைந்துபோகின்றன. பாஸ் வெர்பிளாங்கனும் டெபோரா ராயும் 2016இல் சுமார் 800 பேரிடம் பார்த்தபோது, பழக்கமாற்ற முயற்சி அண்மையில் வீடு மாறியவர்களிடம் நன்றாகப் பலித்தது. அந்த வாசல் சுமார் மூன்று மாதத்துக்குத் திறந்திருந்தது. புது வீட்டில் பெட்டிகளைப் பிரிக்கும் வாரமே இதற்கு நல்ல நேரம், அப்போது இதை நினைக்க யாருக்கும் நேரமிருக்காது என்பது வேறு விஷயம்.

எவற்றுக்கு இந்த உழைப்பு தகும்

நடைக்குத் தகும். தினமும் 10,000 அடி என்ற இலக்கு 1965இல் ஜப்பானில் யமாசா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஓர் அடிகணக்கிக் கருவியின் பெயரிலிருந்து கிளம்பியது, மருத்துவ ஆய்விலிருந்து அல்ல. 2019இல் ஐ-மின் லீ குழுவினர் சராசரி வயது 72 ஆன சுமார் 16,700 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 அடி நடந்தவர்களிடம் அந்தக் காலகட்டத்தில் இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உடல்நலம் நன்றாக இருப்பவர்களால்தான் அதிகம் நடக்க முடிகிறது என்பதும் இந்த எண்ணில் கலந்திருக்கும், ஆகவே 41ஐ அப்படியே நடையின் கணக்கில் எழுதக் கூடாது. என்றாலும் திசை தெளிவாக இருக்கிறது: அடியோடு அசையாதவர் கொஞ்சம் அசைவதில்தான் பெரிய லாபம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. அதன் கணக்குப்படி 2022இல் உலகப் பெரியவர்களில் 31 சதவீதம் பேர் அதை எட்டவில்லை. இவர்களுக்கு 10,000 என்ற எண் ஊக்கமாக இருப்பதைவிடத் தடையாக இருப்பதே அதிகம் என்பது என் எண்ணம்.

தூக்கத்துக்கு இன்னும் தகும். எத்தனை மணி நேரம் என்பதைத்தான் நாம் கேட்கிறோம். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும் என்பதில் நிபுணர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பிரிட்டனின் யுகே பயோபேங்க் என்ற பெரிய மருத்துவத் தரவுத் தொகுப்பில் மணிக்கட்டுக் கருவி அணிந்த 60,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2024இல் வெளியான ஆய்வு, தூக்கத்தின் ஒழுங்கு, அதாவது தினமும் ஏறக்குறைய அதே நேரத்தில் தூங்கி எழுவது, இறப்பு அபாயத்தைத் தூக்கத்தின் நீளத்தைவிட நன்றாகக் கணித்தது என்று காட்டியது. மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதைத் திருத்திவைப்பது முக்கியமாகக் கண்ணில் விழும் வெளிச்சம். பார்ப்பதற்கென்று அல்லாமல், வெளிச்சம் எவ்வளவு என்று அந்தக் கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே விழித்திரையில் சில செல்கள் இருப்பது 2002இல் உறுதியானது. எழுந்ததும் வெளியே போய்ச் சற்று நேரம் நிற்பது இதனால்தான் பயனுள்ளது.

இதில் நடைமுறைச் சூட்சுமம் ஒன்று உண்டு. தூங்கும் நேரத்தை நம்மால் கட்டளையிட முடியாது. படுத்தால் தூக்கம் வரும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. எழும் நேரத்தைக் கட்டளையிடலாம். அதனால் பழக்கத்தைக் கட்ட வேண்டிய முளை காலையில் இருக்கிறது. விடுமுறை நாளிலும் எழும் நேரத்தை அதிகம் தள்ளாமல் இருந்தால், இரவு தூக்கம் மெல்ல அதன் இடத்துக்கு வந்து சேரும். காபி, டீ பற்றி ஒரு வரி: உடம்பிலிருக்கும் கஃபீனில் பாதி கழியச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. 2013 ஆய்வு ஒன்றில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம் கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கத்தைக் குறைத்தது. "எனக்கு அதெல்லாம் ஒன்றும் செய்யாது" என்பவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

உணவைப் பற்றி அதிகம் சொல்லாமல் கடக்கிறேன். பழக்கம் சார்ந்த உணவு ஆய்வுகளில் மிகப் புகழ்பெற்றிருந்த ஓர் ஆய்வகத்தின் பல கட்டுரைகள் 2018இல் திரும்பப் பெறப்பட்டன. அதற்குப் பிறகு இந்தத் துறையின் சுவையான முடிவுகளைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பதே நல்லது.

மகிழ்ச்சி மட்டும் ஏன் வேறு மாதிரி

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே திசையில் போகிறது: செயலைக் கவனம் தேவைப்படாததாக ஆக்கு. நடைக்கு இது பொருந்தும், பல்லுக்குப் பொருந்தும், மாத்திரைக்குப் பொருந்தும். யோசனையில்லாமல் நடந்தாலும் நடந்த பலன் கிடைக்கும். மகிழ்ச்சிக்கு அப்படியே பொருத்தினால் சிக்கல் வருகிறது, ஏனென்றால் கவனிக்காத மகிழ்ச்சி மகிழ்ச்சியாகவே உணரப்படுவதில்லை. உடலுக்கு நன்மை செய்யும் அதே இயந்திரம்தான் இன்பத்தை மழுங்கடிக்கிறது. ஃபிலிப் பிரிக்மனும் டொனால்ட் கேம்பெல்லும் 1971இலேயே இதை எழுதினார்கள்: நல்லதோ கெட்டதோ, மனிதர்கள் பழகிப்போய்ப் பழைய அளவுக்குத் திரும்புகிறார்கள். முழுவதும் திரும்புவதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் திருத்தின, ஆனாலும் பழகிப்போவது உண்மை.

நன்றிக் குறிப்பு எழுதுவதை எடுத்துக்கொள்வோம். ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கலோவும் 2003இல் நடத்திய ஆய்வுகளுக்குப் பின் அது உலகெங்கும் பரவியது. நன்றி சொல்ல வேண்டியவற்றை எழுதியவர்கள், எரிச்சலூட்டியவற்றை எழுதியவர்களைவிடத் திருப்தியாக இருந்தார்கள். பலன் இருக்கிறது, ஆனால் விளம்பரத்தில் சொல்லும் அளவுக்குப் பெரிதல்ல என்பதே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவு. சோன்யா லுபோமிர்ஸ்கி குழு ஆறு வாரம் சோதித்ததில், வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்கு நன்மை தெரிந்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. தினமும் ஒரே நோட்டில் "குடும்பம், ஆரோக்கியம், வேலை" என்று எழுதிக்கொண்டிருந்தால், பாப்கார்ன் தின்ற கைக்கும் எழுதும் கைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பிறருக்குச் செய்யும் சின்ன உதவிகளிலும் இதையே பார்த்தார்கள்: விதவிதமாகச் செய்தவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது, ஒரே உதவியைத் திரும்பத் திரும்பச் செய்தவர்களுக்குக் கூடவில்லை.

எனவே மகிழ்ச்சிக்கான பழக்கத்தில் இரண்டு பகுதிகளைப் பிரித்துவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நேரமும் இடமும் இறுக்கமாக இருக்கட்டும். உள்ளே நடப்பது தளர்வாக இருக்கட்டும். ஞாயிறு மாலை ஒருவரைக் கூப்பிட்டுப் பேசுவது என்று வைத்துக்கொண்டால், ஞாயிறு மாலை மாறக் கூடாது. யாரை என்பது வாராவாரம் மாறலாம்.

கூப்பிட்டுப் பேசுவதை எடுத்துக்காட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. ஹார்வர்டில் 1938இல் தொடங்கி இன்றும் நடக்கும் பெரியவர்கள் வளர்ச்சி ஆய்வு, இளமையிலிருந்து முதுமை வரை மனிதர்களைத் தொடர்ந்து பார்த்துச் சொல்லும் முக்கியச் செய்தி நெருங்கிய உறவுகளைப் பற்றியதுதான். ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு 2010இல் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, உறவுகள் வலுவாக இருந்தவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆனால் "ஆரோக்கியப் பழக்கம்" என்று பட்டியல் போடும்போது யாரும் ஃபோன் செய்வதை எழுதுவதில்லை. கூச்சமும் ஒரு காரணம்: ரொம்ப நாள் பேசாதவரைத் திடீரென்று கூப்பிட்டால் என்ன நினைப்பாரோ! பெக்கி லியூ குழு 2022இல் சுமார் 5,900 பேரிடம் இதைச் சோதித்தது. தொடர்பு கொண்டவர் எதிர்பார்த்ததைவிட, மறுமுனையில் இருந்தவர் அதிகம் மகிழ்ந்தார். எதிர்பாராத அழைப்பு என்றால் மகிழ்ச்சி இன்னும் கூடியது. நெருங்கியவர்கள் மட்டுமல்ல. கில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் 2014இல் காட்டியபடி, அவ்வளவு நெருக்கமில்லாத அறிமுகங்களோடு வழக்கத்தைவிட அதிகம் பேசிய நாள்களில் மக்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள்.

இதெல்லாம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கைகூடாது. இரவு ஷிஃப்ட், பகல் ஷிஃப்ட் என்று மாறி மாறி வேலை செய்பவருக்கும், கைக்குழந்தையையோ படுத்த படுக்கையான ஒருவரையோ பார்த்துக்கொள்பவருக்கும் கடிகார நேரம் நிலையான குறிப்பாக இருக்க முடியாது. அவர்களுக்கு நிகழ்வைக் குறிப்பாக வைப்பதுதான் வழி: எந்த நேரமானாலும் எழுந்து முகம் கழுவியதும், எந்த நேரமானாலும் வேலைக்கு வந்து உட்காருவதற்கு முன்பு. அப்படியும் ஒட்டாவிட்டால் குறை ஆளிடம் இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுக் கிடப்பவருக்கு மேலே சொன்ன எதுவும் சிகிச்சை ஆகாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் ஒன்று இதே தர்க்கத்தைத்தான் கையாள்கிறது என்பது தெரிந்துகொள்ளத் தக்கது. மனநிலை சரியாகட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திராமல், சின்னச் செயல்களை நேரம் குறித்துத் தொடங்கவைத்து, மனநிலை பின்னால் வர இடம் கொடுக்கும் முறை அது. 2016இல் லான்செட் இதழில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் மனச்சோர்வு உள்ள 440 பேர் கலந்துகொண்டார்கள். குறைந்த கால மனநலப் பயிற்சி மட்டுமே பெற்ற ஊழியர்கள் இந்த முறையில் அளித்த சிகிச்சை, தேர்ந்த நிபுணர்கள் அளித்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சைக்கு, பலனில் குறைவாக இல்லை. செலவிலும் குறைவாக முடிந்தது.